ஜப்பானியக் கவாத்துக் கத்தரி: எதை வாங்குவது, எப்படிப் பேணுவது

ஜப்பானியத் தோட்டக் கத்தரிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே கூடவே சாமுராய் வாளும் வந்துவிடுகிறது. வாள் செய்த அதே இரும்பு, அதே பட்டறை, ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும், தீட்டவே வேண்டாம் என்கிற அளவுக்கு விளம்பரங்கள் போகின்றன. இதை நம்பி வாங்கியவர் முதல் மாதமே அதை வைத்துக் கட்டுக்கம்பியை வெட்டிப் பார்க்கிறார், விளிம்பு பொக்கையாகிவிடுகிறது. மழையில் வெளியே விட்டுவிடுகிறார், மறுநாள் பார்த்தால் செம்பழுப்பாகத் துரு. இவ்வளவு விலை கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. கருவியில் குறை இல்லை. எதற்காக, எப்படிச் செய்யப்பட்ட கருவி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கவாத்து என்றால் செடி மரங்களின் கிளைகளைத் தேவை பார்த்து வெட்டி ஒழுங்கு செய்வது. அதற்கு ஜப்பானியக் கருவி ஒன்றை முதல் முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உலோகவியல் பாடம் எடுக்கப்போவதில்லை, ஆனால் எஃகைப் பற்றி இரண்டு விஷயம் தெரியாமல் இந்தக் கருவிகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, பேணவும் முடியாது.

வாள் கதையில் எவ்வளவு உண்மை

கொஞ்சம் இருக்கிறது. அப்போது ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசு 1876-இல் பொது இடங்களில் வாள் அணிந்து நடப்பதைத் தடை செய்தது. வாள் கொல்லர்கள் பலர் பிழைப்புக்காகச் சமையல் கத்தி, அரிவாள், கத்தரி என்று திரும்பினார்கள். ஆனால் கருவி அடிக்கும் கொல்லர்கள் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தார்கள். ஹியோகோ மாகாணத்தில் மிகி என்றொரு ஊர். 1580-இல் அங்கே கோட்டை முற்றுகை முடிந்தபோது ஊரே இடிந்து கிடந்தது. அதைத் திரும்பக் கட்ட வந்த தச்சர்களும் அவர்களுக்குக் கருவி அடித்துக் கொடுக்க வந்த கொல்லர்களும் அங்கேயே தங்கிவிட, மிகி கருவிகளுக்குப் பேர் போன ஊராயிற்று. நிகாதா மாகாணத்தின் சாஞ்சோவில் கொல்லுத்தொழில் ஆணி அடிப்பதில் தொடங்கி வளர்ந்தது. இன்று நாம் வாங்கும் கருவிகளுக்கு வாளைவிட இந்த ஊர்களின் தச்சு, விவசாயக் கருவி மரபுதான் நெருங்கிய சொந்தம்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானியப் பாரம்பரியம் என்று இன்று விற்கப்படும் ஸ்பிரிங் வைத்த கவாத்துக் கத்தரியின் அடிப்படை வடிவம் பிரான்ஸில் பிறந்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மெய்ஜி காலத்தில் மேற்கத்தியப் பழ மரங்களோடு சேர்ந்து அது ஜப்பானுக்குப் போனது. அவோமோரி மாகாணத்துக்கு 1875-இல் ஆப்பிள் கன்றுகள் வந்தன, இன்று ஜப்பானின் ஆப்பிளில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைகிறது. குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான வெட்டு வெட்ட வேண்டிய தோட்டக்காரர்களுக்காக அங்குள்ள ஹிரோசாகி ஊர்ப் பக்கத்துக் கொல்லர்கள் அந்தக் கத்தரியைத் தங்கள் முறையில் அடித்து, பிடியையும் அலகையும் மாற்றி மாற்றி வேறொன்றாகவே ஆக்கிவிட்டார்கள். யமகதா மாகாணத்திலும் இதுவே நடந்தது. வெளியிலிருந்து வந்த வடிவம் என்பதால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையாது என்பது என் கருத்து. நாள் முழுக்க அதைப் பிடித்து வேலை செய்தவர்கள் கேட்டுக் கேட்டுத் திருத்திய கருவி அது.

இரும்பும் வாளின் இரும்பு இல்லை. வாளுக்கான எஃகை இரும்பு மணலிலிருந்து களிமண் உலையில் எடுப்பார்கள், இன்றும் ஷிமானே மாகாணத்தில் குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சமாக எடுக்கிறார்கள், அது வாள் கொல்லர்களுக்கே போய்விடும். கத்தரிக்கு வருவது ஆலையில் உருக்கிய எஃகு. அதில் பேர் பெற்றது அதே ஷிமானேயின் யாசுகி ஊரில் தயாராகும் யாசுகி எஃகு. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்து 2023-இல் புரோடீரியல் என்று பெயர் மாறிய நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. (ஜப்பானின் மிக அழகான தோட்டங்களில் ஒன்று என்று சொல்லப்படும் அடாச்சி கலைக்கூடத் தோட்டமும் யாசுகியில்தான் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த தற்செயல்.)

எஃகு கடினமானால் என்ன கிடைக்கும், என்ன போகும்

நம் வீட்டு இரும்பு அரிவாள்மனையையும் எவர்சில்வர் கத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் இரும்பு கறுத்துவிடும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும், ஆனால் தீட்டி வைத்தால் அதன் கூர்மைக்குப் பக்கத்தில் சாதாரண எவர்சில்வர் கத்தி நிற்காது. எவர்சில்வரோ அப்படியே போட்டு வைத்தாலும் பளபளவென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். பாரம்பரிய ஜப்பானியக் கத்தரி அரிவாள்மனையின் பக்கத்தைச் சேர்ந்தது, அதை இன்னும் பல படி முன்னே கொண்டுபோனது.

காரணம் கார்பன். இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. ஜன்னல் கம்பி மாதிரி சாதாரண எஃகில் கார்பன் கால் சதவீதம்கூட இருக்காது. நல்ல ஜப்பானியக் கருவிகளில் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். இதைத்தான் உயர் கார்பன் எஃகு என்கிறார்கள். ஆனால் கார்பன் சேர்ந்துவிட்டால் மட்டும் எஃகு கடினமாகிவிடாது. அதைச் சுமார் 800 டிகிரி வரை சூடாக்கும்போது இரும்பு அணுக்கள் அடுக்கி நிற்கும் முறை மாறி, கார்பன் அணுக்கள் அவற்றுக்கு நடுவே கரைந்து நுழைகின்றன. அந்தச் சூட்டோடு தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கார்பன் அணுக்கள் வெளியே வர நேரம் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு, அந்த அடுக்கையே நெருக்கிப் பிடித்துவிடுகின்றன. எஃகு மிகக் கடினமாகிறது, கூடவே கீழே போட்டால் உடையும் நிலைக்கும் வந்துவிடுகிறது. அதனால் மறுபடி 150 முதல் 200 டிகிரி அளவில் மெதுவாகச் சூடேற்றிக் கொஞ்சம் இளக்குவார்கள். இந்த இரண்டு வேலையும் சேர்ந்ததுதான் பதம் வைப்பது. கருவியின் பெயர், விலை எல்லாவற்றையும்விட இந்தப் பதம்தான் முக்கியம், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்தவரின் பெயருக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

கடினம் எதற்கு? விளிம்பை மெல்லியதாக்குவதற்கு. மென்மையான எஃகை எவ்வளவு மெல்லியதாகத் தீட்டினாலும் நாலு கிளை வெட்டியதும் விளிம்பு மடங்கிவிடும். கடின எஃகில் மெல்லிய விளிம்பு அப்படியே நிற்கும். ஆனால் அதே விளிம்பைப் பக்கவாட்டில் முறுக்கினால், அல்லது கம்பி, கல், ஆணி என்று கடினமான எதிலாவது மோதினால் மடங்கத் தெரியாமல் உடையும். கடினத்தை அளக்க ராக்வெல் என்று ஓர் அளவுகோல் உண்டு. சாதாரண எவர்சில்வர் சமையல் கத்திகள் அதில் 55-ஐ ஒட்டி இருக்கும், நல்ல கார்பன் எஃகுக் கருவிகள் 60-ஐ ஒட்டி இருக்கும். எண்ணில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம்.

இந்த உடையும் குணத்தைச் சமாளிக்க ஜப்பானியக் கொல்லர்கள் நெடுநாளாகச் செய்யும் வழி ஒன்று உண்டு. கருவியின் உடம்பு முழுக்க மென்மையான இரும்பு, வெட்டும் விளிம்பில் மட்டும் கடின எஃகுத் தகடு, இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிவிடுவார்கள். உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும், விளிம்பு வெட்டும். முழுக்க ஒரே எஃகில் செய்த நல்ல கத்தரிகளும் நிறைய இருக்கின்றன. ஒட்டியதுதான் உயர்ந்தது, மற்றது மட்டம் என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

கடைகளில் வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்று கேள்விப்படுவீர்கள். எஃகுக் கட்டிகளில் ஆலை ஒட்டும் காகிதத்தின் நிறம் அது, அவ்வளவே. வெள்ளை என்பது கலப்பில்லாத சுத்தமான கார்பன் எஃகு, தீட்டுவது சுலபம். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், கூர்மை கூடுதல் நாள் நிற்கும், தீட்டக் கூடுதல் நேரம் ஆகும். இரண்டும் துருப்பிடிக்கும். முதல் கத்தரி வாங்குபவர் இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள அவசியமே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கார்பனும் பதமும் சேர்ந்து எஃகைக் கடினமாக்குகின்றன, கடினம் மெல்லிய விளிம்பைத் தாங்குகிறது, அந்த விளிம்புக்கு முறுக்கலும் துருவும் ஆகாது. கூர்மையை வாங்கும்போது இந்தப் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறோம்.

கூர்மை ஒரு அலகில் மட்டும் இல்லை

எஃகைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், கத்தரியின் பாதி ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. கத்தியில் விளிம்பு ஒன்றுதான். கத்தரியில் இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கின்றன, அந்த உரசல் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்துத்தான் வெட்டு அமையும்.

கவாத்துக் கத்தரியில் ஓர் அலகு அகலமானது, வெளிப்பக்கம் சரிவாகத் தீட்டப்பட்டது. அதை வெட்டும் அலகு என்போம். இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்தது, கிளை நழுவாமல் பிடித்துக்கொள்வது. அது தாங்கும் அலகு. வெட்டும் அலகு கிளைக்குள் இறங்கி, தாங்கும் அலகின் பக்கத்தை ஒட்டிக் கடந்து போகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் கடைசி நார் அறுபடாமல் அந்த இடைவெளிக்குள் மடங்கிப் போகும். பட்டை வால் மாதிரி உரிந்து தொங்கும். அலகு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

அந்த நெருக்கம் வருவதற்கு ஒரு நுட்பம் செய்கிறார்கள். அலகுகள் ஒன்றையொன்று பார்க்கும் உட்புறத்தை முழுத் தட்டையாக விடாமல் நடுவில் லேசாகக் குழித்துவிடுகிறார்கள். ஓரங்கள் மட்டுமே தொடும். அலகுகளுக்கு மிக லேசான வளைவும் இருக்கும். அதனால் மூடும்போது எந்த நொடியிலும் அலகுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் அழுத்தமாகத் தொடுகின்றன, அந்தப் புள்ளி, அலகுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியின் பக்கத்திலிருந்து நுனி நோக்கி ஓடுகிறது. உங்கள் கை கொடுக்கும் விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. நல்ல கத்தரி தானாக வெட்டுகிற மாதிரி தோன்றுவது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் கத்தரியைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்கள் ஏன் கெடுக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். கிளை வெட்டுப்படாதபோது கையை இடமும் வலமும் முறுக்குவது முதலாவது. அலகுகள் விலகி அந்த நெருக்கம் போய்விடும், விளிம்பும் உடையலாம். இரண்டாவது, உட்புறத்தைச் சரிவாகத் தேய்ப்பது. தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துப் பல நல்ல கத்தரிகள் இப்படித்தான் வீணாகின்றன, ஏனென்றால் அவர் இரண்டு பக்கமும் தீட்டும் கத்திக்குப் பழகியவர். உட்புறத்தில் சரிவு விழுந்த இடத்தில் நிரந்தர இடைவெளி. அதைச் சரிசெய்ய அலகையே நிறையத் தேய்த்தாக வேண்டும்.

கத்தரியைப் பிடிக்கும் திசையும் இதோடு சேர்ந்தது. மரத்தில் மிஞ்சும் பகுதியின் பக்கம் வெட்டும் அலகு இருக்க வேண்டும், கீழே விழப்போகும் துண்டின் பக்கம் தாங்கும் அலகு. தாங்கும் அலகு பட்டையை நசுக்கத்தான் செய்யும், அந்த நசுங்கிய பகுதி துண்டோடு போய்விடும். மரத்தில் மிஞ்சும் காயம் சுத்தமாக இருந்தால் சீக்கிரம் மூடும்.

எந்த வேலைக்கு எது

முதலில் பலர் செய்வது, பொன்சாய் கருவிப் பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்குவது. வேண்டாம். நீங்கள் வெட்டப்போவது என்ன என்று பாருங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சை, கொய்யா என்று விரல் தடிமனுக்கு உள்ளே இருக்கும் கிளைகள்தான் வேலை என்றால் ஸ்பிரிங் வைத்த கவாத்துக் கத்தரி ஒன்று போதும். ஜப்பானில் அதற்கு செந்தேய் பசாமி என்று பெயர். ஒன்றரை செ.மீ. வரை நிம்மதியாக வெட்டும், அதற்கு மேல் பச்சைக் கிளையானாலும் கை வலிக்கும், காய்ந்த கிளையானால் விளிம்புக்கே ஆபத்து. ஒகாட்சுனே நிறுவனத்தின் 103 எண் கத்தரியை உதாரணமாகச் சொல்லலாம். 200 மி.மீ. நீளம், ஒரு பிடி சிவப்பு, ஒரு பிடி வெள்ளை. இலைக் குவியலில் விழுந்தாலும் கண்ணில் படட்டும் என்று அந்த நிறம். கை சிறியவர்களுக்கு அதே வடிவத்தில் 180 மி.மீ. கத்தரி 101 எண்ணில் இருக்கிறது. கைக்குப் பெரிய கத்தரியில் வேலை செய்தால் விரிந்த பிடியை எட்டிப் பிடிக்கவே பாதி சக்தி போய்விடும், அளவில் அலட்சியம் வேண்டாம்.

ஜப்பானியத் தோட்டக்காரரின் இடுப்பில் இதோடு கூடவே தொங்கும் இன்னொன்று உயெகி பசாமி. ஸ்பிரிங் கிடையாது, இரண்டு பெரிய வளையப் பிடி, மெல்லிய நீண்ட அலகு. அடர்ந்த கொப்புகளுக்கு நடுவே நுழைத்து ஒரு சுள்ளியை மட்டும் எடுக்க இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங் இல்லாததால் அலகு எவ்வளவு விரிய வேண்டும் என்பதை விரல்களே முடிவு செய்கின்றன, பக்கத்துத் துளிரில் இடிக்காது. பைன் மரங்களின் நுனி ஒழுங்கு செய்வது மாதிரி நுணுக்கமான வேலைக்கு ஜப்பானில் இதைத்தான் எடுப்பார்கள். ஒரு செ.மீ.க்கு மேல் இதில் வெட்டக் கூடாது. நம் ஊரில் மல்லிகை, புதர்ச்செடி, தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு இது மிகப் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனோ பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மலர் அலங்காரக் கத்தரிகள் தனி. இக்கெனோபோ மரபில் பிடியின் நுனி சுருண்டு வளையம் மூடாமல் நிற்கும், கோர்யூ மரபில் பிடி வளையமாக மூடியிருக்கும். காம்பு வெட்டச் செய்தவை இவை. வேலிக்கு கரிகோமி பசாமி என்ற நீண்ட மரப்பிடிக் கத்தரி. பொன்சாய்க்குக் குழிவாக வெட்டும் குறடு ஒன்று உண்டு. கிளையை அடிமரத்தோடு சேர்த்துக் குழித்து எடுக்கும், காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்ந்து மூடும்போது மேடு தட்டாமல் சமமாகும். பொன்சாய் வளர்க்காதவருக்கு அது வேண்டியதில்லை.

கட்டைவிரலைத் தாண்டிய கிளைக்கு ரம்பம். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது வெட்டும். தள்ளி வெட்டும் ரம்பத்தின் தகடு தள்ளும்போது வளையாமல் இருக்கத் தடிமனாக இருந்தாக வேண்டும். இழுக்கும்போது தகடு தானாகவே நேராக நிற்கும், அதனால் மெல்லியதாகச் செய்யலாம், வெட்டும் குறுகலாகும், கைக்கும் வேலை குறையும். ஹியோகோவின் ஓனோ ஊரிலிருந்து வரும் சில்க்கி ரம்பங்கள் உலகம் முழுக்கப் பேர் பெற்றவை. இழுக்கும்போது அழுத்துங்கள், திரும்பத் தள்ளும்போது சும்மா விடுங்கள். தள்ளும்போது அழுத்தினால்தான் இந்தத் தகடுகள் மடங்குகின்றன.

ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு மடக்கு ரம்பம். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களுக்கு இது போதும், மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் உயெகி பசாமி.

வாங்கும்போது கவனிக்க

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூடி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உயெகி பசாமியில் ஆணிக்கும் நுனிக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும், நுனி தொட்டிருக்க வேண்டும். நுனி தொடாவிட்டால் வேண்டாம். மெதுவாகத் திறந்து மூடும்போது எங்கேயும் இடறக் கூடாது. ஈரமான மெல்லிய காகிதத்தை அலகின் முழு நீளத்துக்கும் வெட்டிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது, மடங்கும் இடத்தில் கோளாறு.

இணையத்தில் வாங்கினால், உதிரி ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறதா, ஆணி திருகாணியா அறைந்த ஆணியா என்பதைப் பாருங்கள். திருகாணி என்றால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பாரம்பரிய உயெகி பசாமி பலவற்றில் அறைந்த ஆணிதான், அது குறை இல்லை, ஆனால் தளர்ந்தால் நீங்களாக இறுக்க முடியாது. இடக்கைக்காரர்கள் இடக்கைக்கென்றே செய்ததைத் தேடி வாங்குங்கள். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் கையின் விசையே அலகுகளைப் பிரிக்கும். அலகில் அலையலையாகக் கோலம் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், கிளைக்கு அந்தக் கோலத்தால் எந்தப் பயனும் இல்லை.

துருவே வேண்டாம், துடைக்கவும் பொறுமை இல்லை என்றால் எவர்சில்வர் அலகு வைத்த நல்ல ஜப்பானியக் கத்தரிகளும் இருக்கின்றன. 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்த எஃகு அது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது நியாயமான தேர்வு.

வேலை முடிந்ததும்

கத்தரியைக் கெடுப்பது மழையைவிடச் செடியின் பால்தான். வெட்டும்போது வரும் சாறு அலகில் ஒட்டிக் காய்ந்து, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாற்றில் இருக்கும் டானின், அதாவது வாழைக்காயில் துவர்க்கிற அதே வகைப் பொருள், இரும்போடு சேர்ந்து அலகைக் கறுப்பாக்குகிறது. கறுப்பு பரவாயில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். செம்பழுப்புத்தான் துரு, அதை விடக் கூடாது.

வேலை முடிந்த உடனே, மறுநாள் இல்லை, உடனே துடைத்துவிடுங்கள். சாறு காய்ந்து கெட்டியாகிவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியில் கொஞ்சம் சோப்பு. போகவில்லை என்றால் ஸ்பிரிட். பிறகு ஈரம் இல்லாமல் துடைத்து அலகிலும் ஆணியிலும் ஒரு துளி எண்ணெய். ஜப்பானில் ட்சுபாகி என்ற கமெலியாப் பூமரத்தின் விதையெண்ணெய் தடவுவார்கள். காற்றில் பட்டுப் பிசுபிசுப்பாக இறுகாத எண்ணெய் அது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கிடைக்காதவருக்குத் தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே போதும். நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பசையாகித் தூசியைப் பிடிக்கும்.

நோய் பிடித்த செடியை வெட்டினால் அடுத்த செடிக்குப் போகும் முன் 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். பிளீச்சிங் கரைசலில் முக்க வேண்டாம், கார்பன் எஃகை அது சீக்கிரம் அரித்துவிடும். தோல் உறையில் வைத்துப் பல வாரம் அப்படியே விடவும் கூடாது. இடுப்பில் மாட்டிக்கொள்ள உறை நல்லது, ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பதே பாதுகாப்பு.

தீட்டுதல்

தீட்டுவது என்றால் பயப்படுகிறார்கள். 1000 எண் சாணைக்கல் ஒன்று வேண்டும். எண் கூடக் கூடக் கல் நைஸாகும், 1000 என்பது நடுத்தரம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கல்லாக வாங்குங்கள், ஏனென்றால் இங்கே கத்தரியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் நகர்த்தப்போகிறோம்.

கத்தரியை முழுக்கத் திறந்து, வெட்டும் அலகின் வெளிப்பக்கச் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். கல்லை நனைத்து அந்தச் சரிவின் மேல் படிய வைத்து, ஆணிப் பக்கத்திலிருந்து நுனி வரை வளைவின் போக்கிலேயே நாலைந்து முறை நகர்த்துங்கள். இப்போது பாருங்கள். மை விளிம்பில் மட்டும் போயிருந்தால் கல்லை அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். மேல் பக்கம் மட்டும் போயிருந்தால் அதிகமாகச் சாய்த்துவிட்டீர்கள். சரிவு முழுக்க ஒரே மாதிரி போகும்வரை கோணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். கொல்லர் வைத்துக் கொடுத்த கோணத்தை மாற்றாமல் இருப்பதுதான் இங்கே முழு வித்தையும், எத்தனை டிகிரி என்ற எண் உங்களுக்குத் தேவையே இல்லை.

கொஞ்ச நேரம் தீட்டியதும் உட்புற விளிம்பை நகத்தால் வருடினால் மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். அதுதான் பிசிறு, விளிம்பு வரை தீட்டிவிட்டோம் என்பதற்கு அடையாளம். கல்லை உட்புறத்தில் முழுத் தட்டையாகப் படிய வைத்து, துளியும் தூக்காமல், மிக லேசாக ஒன்றிரண்டு முறை இழுத்தால் அது போய்விடும். அதற்கு மேல் உட்புறத்தைத் தொடாதீர்கள். தாங்கும் அலகைத் தீட்ட வேண்டாம், ஒட்டியிருக்கும் பிசினை மட்டும் சுத்தம் செய்தால் போதும். உயெகி பசாமியில் இரண்டு அலகுமே வெட்டும் அலகு, இரண்டின் வெளிச்சரிவையும் இதே மாதிரி தீட்டலாம்.

சின்னப் பொக்கை விழுந்திருந்தால் அதை ஒரே நாளில் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், அடுத்தடுத்த தீட்டலில் தானாக மறையும். மோட்டார் சாணையில் மட்டும் கொடுக்கவே வேண்டாம். விளிம்பு மெல்லியது, நொடியில் 200 டிகிரியைத் தாண்டும், கொல்லர் வைத்த பதம் அந்த இடத்தில் இளகிப் போகும். நீல நிறம் தெரிந்தால் அந்தப் பகுதி மென்மையாகிவிட்டது, அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிற்காது.

தீட்டியும் சரியாக வெட்டவில்லையா? ஆணியைப் பாருங்கள். ஒரு பிடியைக் கையில் பிடித்து, இன்னொன்றைத் தூக்கி விட்டால் (ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு) அது மெதுவாக இறங்கிப் பாதியில் நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்ச்சி, திருகாணியைக் கொஞ்சம் இறுக்குங்கள். அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், அல்லது உள்ளே பிசின். மழுங்கிவிட்டது என்று நினைத்துக் கொண்டுவரப்படும் கத்தரிகள் பல, உண்மையில் ஆணி தளர்ந்தவைதான்.

ரம்பத்தின் கணக்கு வேறு

கத்தரிக்குச் சொன்ன எதையும் இன்றைய மடக்கு ரம்பத்துக்குப் பொருத்த முடியாது. அதன் பல் நுனிகளை மட்டும் மின்சாரத்தால் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், நுனிகளில் கருநீலக் கோடு தெரியும். அரம் அதில் வழுக்கும், தீட்ட முடியாது. நீண்ட நாள் வெட்டும், மழுங்கினால் தகட்டை மாற்ற வேண்டியதுதான். அதனால் ரம்பம் வாங்கும்போதே மாற்றுத் தகடு கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய கையடி ரம்பங்களில் அந்தக் கருநீலம் இருக்காது. அவற்றின் பற்களை ஒவ்வொன்றாக அரம் போட்டுத் தீட்டுவதற்கென்றே ஜப்பானில் தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள், இப்போது வெகு சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அப்படி ஒரு ரம்பம் கைக்கு வந்தால் சாதாரண முக்கோண அரத்தை வைக்காதீர்கள். பற்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் குறுகலானது, அதற்குள் இறங்க ஓரம் மெலிந்த தட்டை அரம் வேண்டும்.